பதிமூன்றாவது பியோங்

ஆவணி மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, முப்பிடாதியின் வீட்டில் ஓர் ஆள் கையையும் காலையும் விரித்துப் படுக்கிற அளவுக்கு இடம் கூடிப்போயிற்று. சுவர் நகரவில்லை, தரை வெடிக்கவில்லை, கீழ்வீட்டுக்காரர்களின் தலைக்கு மேலிருந்து ஒரு துணுக்குக் காரைகூட உதிரவில்லை. முப்பிடாதி அந்த இடத்தின்மேல் நடந்து போய்ப் பால் காய்ச்சினாள், அதன்மேல் நடந்து வந்து மாமனாருக்குக் காப்பி கொடுத்தாள், மகள் வடிவு அதில் சம்மணமிட்டு உட்கார்ந்து தலை சீவினாள், புருஷன் சுடலைக்கண்ணு அதில் காலை நீட்டிச் செய்தி பார்த்தான், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே, தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே பாக்கி கிடந்த ஒரு துண்டு நிலத்தில் எழும்பிய செந்தளிர் அடுக்ககத்தில், மூன்றாவது மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். நானூற்று இருபத்தேழு சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. சுடலைக்கண்ணு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அவன் அப்பா நல்லமாடன், கட்டிலும் நாற்காலியுமாக, பேசவேண்டியதைப் பேசியும் மிச்சத்தைப் பேசாமலும் காலத்தைக் கழித்தார். முப்பிடாதி தரைத்தளத்தில் கொரிய எஞ்சினியர்கள் தங்கும் விடுதியில் சமையல் பார்த்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து அவர்கள் இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

இடம் கூடியதற்கு முதல்நாள், சனிக்கிழமை பகலில், முப்பிடாதிக்கு ஒரு போன் வந்தது. பதினோரு வருஷமாகப் பேசாத தங்கை பேச்சித்தாய். வேறு சாதிப் பையன் ஒருவனோடு வீட்டைவிட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவள். அந்தப் பையனைப் பங்குனி மாதம் ஒரு லாரி அடித்துவிட்டது என்று முப்பிடாதி யார் வழியாகவோ கேள்விப்பட்டிருந்தாள், கேள்விப்பட்டதோடு சரி.

"யக்கா, ஒங்க ஊர்ப்பக்கம் ஒரு கம்பெனியில வேல கெடச்சிருக்கு. ஹாஸ்டல்ல முப்பது வயசுக்கு மேல சேக்க மாட்டாகளாம். ரெண்டு மாசம் ஒங்கூட இருந்துக்கிடட்டா?"

முப்பிடாதி அடுப்பில் கிடந்த குழம்பைப் பார்த்தாள்.

"எடமில்ல பிள்ள," என்றாள். "நாலு பேருக்கே மூச்சு முட்டுது. கட்டிலு, பீரோ, வாசிங் மெசினு, எல்லாம் போக நிக்கதுக்கு எடமில்ல."

"சரிக்கா," என்று பேச்சித்தாய் வைத்துவிட்டாள்.

எட்டு நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. விடுதியை நடத்துகிற கொரியாக்கார அம்மாளுக்கு ஓ என்பது குடும்பப்பெயர். அடுக்ககம் முழுக்க அவரை ஓ மேடம் என்று கூப்பிட்டார்கள். அறுபது வயதுக்காரர், தமிழைச் சமையலறையிலும் சந்தையிலும் கற்றுக்கொண்டவர், முப்பிடாதியை முப்பி என்றே அழைப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முறுக்குப் பிழிவதைப் பார்க்கவேண்டும் என்று முதல்முறையாக மாடியேறி வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"முப்பி, உங்க வீடு பெரிசு. பதிமூணு பியோங்."

"பன்னெண்டு மேடம்," என்றாள் முப்பிடாதி. விடுதியிலேயே ஏழு வருஷம் கிடந்ததால் அவளுக்கு அந்தக் கணக்குத் தெரியும். கொரியாவில் வீட்டை அடியிலும் மீட்டரிலும் சொன்னால் யாருக்கும் மனசில் நிற்காது. வளர்ந்த ஆள் ஒருவர் கையையும் காலையும் விரித்துப் படுத்தால் எவ்வளவு வேண்டுமோ அது ஒரு பியோங், எத்தனை பியோங் என்று சொன்னால்தான் வீடு கண்ணில் தெரியும். மீட்டரில்தான் சொல்லவேண்டும் என்று அவர்கள் அரசாங்கம் சொல்லிவிட்டது, ஜனங்கள் சரி என்று கேட்டுக்கொண்டு பழையபடியே பேசுகிறார்கள் என்று ஓ மேடம் முன்னமே சொல்லியிருக்கிறார். "கீழ ஒங்க விடுதி வீடும் இதே பிளான்தான மேடம். அது பன்னெண்டுன்னு நீங்கதான சொன்னிய?"

"அது பன்னெண்டு. இது பதிமூணு," என்றார் ஓ மேடம், தானே குழம்பிப்போய்.

கீழே போய் ஒரு கயிறு கொண்டுவந்தார். ஆறு அடிக்கு அரை அங்குலம் குறைவான கயிறு. நாலு பக்கமும் அந்த நீளம் வைத்துக் கட்டம் போட்டால் ஒரு பியோங். வடிவின் சாக்பீஸை வாங்கிக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பக்கத்திலும் ஊர்ந்து, சுவர் குறுக்கிட்ட இடத்தில் அரையையும் அரையையும் சேர்த்து, கட்டம் கட்டமாகப் போட்டு ஒவ்வொன்றிலும் எண் எழுதினார். பன்னிரண்டு முடிந்து பதிமூன்றும் விழுந்தது. எந்தக் கட்டம் கூடுதல் என்று பார்ப்பதற்காக ஒன்றை அழித்தார்கள். மிச்சமிருந்த பன்னிரண்டும் சுவருக்குச் சுவர் நிறைந்து கிடந்தன, நடுவில் பொட்டு இடம் காலியில்லை. மறுபடி போட்டார்கள், பதிமூன்று. எட்டாவதை அழித்தாலும் அப்படித்தான், மூன்றாவதை அழித்தாலும் அப்படித்தான். முறுக்கு மாவு காய்ந்துபோனது.

மறுநாள் சாயங்காலம் ஓ மேடம் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஒருவர் இரண்டாம் மாடியில் குடியிருந்த ஜப்பான்காரர் ஹிராயாமா. இன்னொருத்தி செருப்புக் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்த தைவான்காரப் பெண் லின். ஹிராயாமா தன் அறையில் உட்காருவதற்கு ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு தடித்த பாய்களைச் சுமந்து வந்தார். இரண்டு பாயைச் சேர்த்துப் போட்டால் ஒரு ட்சுபோ, பியோங்குக்கு எங்கள் ஊர்ப் பெயர் என்று சொல்லி, தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே போய், வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதிமூன்று என்றார். லின் காலடியால் எண்ணித் தன் ஊர்க் கணக்கில் பதிமூன்று பிங் என்றாள். மூவரும் ஆளுக்கொரு பாஷையில் பேசியதால் சந்தேகம் வந்து, அளவின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டிக்கொண்டார்கள். மூன்று பேர் எழுதியதும் ஒரே சீன எழுத்தாக இருந்தது. மூவரும் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, புதிதாகப் பிழிந்த முறுக்கைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் கோதண்டபாணி வராமல் இருக்கமுடியுமா? நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். எஃகு டேப்பால் அளந்தார். நானூற்று இருபத்தேழு சதுர அடி, ஓர் அங்குலம் கூடவுமில்லை குறையவுமில்லை. தரையில் கிடந்த கட்டங்களில் ஒன்றை அளந்தார். ஓ மேடம் சொன்ன அளவு சரியாக இருந்தது. நானூற்று இருபத்தேழை அதால் வகுத்தார், பன்னிரண்டு. கட்டங்களை விரல்வைத்து எண்ணினார், பதிமூன்று. மறுபடி எண்ணினார். வடிவை எண்ணச்சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார்.

"கணக்குப்படி பன்னெண்டும்மா. கண்ணுப்படி பதிமூணு. நான் எதுல கையெழுத்து போடறது?" என்று முப்பிடாதியிடமே கேட்டார், என்னமோ அவளுக்குத் தெரியும் என்பதுபோல. பிறகு சங்கத்தின் நோட்டில், 'சி-பிளாக் மூன்றாம் மாடி, அடிக்கணக்கில் மாற்றமில்லை, அயல்நாட்டுக் கணக்கில் ஓர் ஆள் கூடுதல்' என்று எழுதி, கையெழுத்துப் போடாமல் மூடிவைத்தார்.

அடுக்ககம் அந்த இடத்துக்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் இரண்டு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பயபக்தியோடு பார்த்தார்கள், நாலாம் வீட்டுப் பெண் ஒருத்தி சூடம் கொளுத்தினாள். மூன்றாம் நாள் அப்பளம் உலர்த்த இடம் கேட்டார்கள், நாலாம் நாள் வெள்ளையடிக்கிற வீட்டிலிருந்து ஒரு சோபாவைக் கொண்டுவந்து வைத்தார்கள், அடுத்து ஒரு தையல் மெஷின், அடுத்து கோயில் திருவிழாவுக்கான இரண்டு அண்டா, பிறகு வாயும் வயிறுமாக இருந்த முதல்மாடிப் பெண் வந்து நீ கொஞ்சம் நகருக்கா என்று சொல்லி மத்தியானம் முழுக்கப் படுத்து எழுந்து போனாள். இத்தனையும் வந்தபோதும் வீடு நிறைந்தது, நடக்க முடியாமல் நிறைந்தது, ஆனால் சோபாவுக்கும் அண்டாவுக்கும் ஆளுக்கும் அப்பால் எங்கேயோ ஓர் ஆள் படுக்கிற இடம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது. பொருளை வைத்தால் அது பன்னிரண்டுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆளைப் படுக்கவைத்தாலும் அப்படித்தான். சங்கக் கூட்டத்தில், இது பொது இடம் என்று ஒரு சாராரும், அடிக்கணக்கில் இல்லாத இடத்தை எப்படிப் பொது என்பது என்று இன்னொரு சாராரும் பேசினார்கள், தேநீர் வந்ததும் தண்ணீர்த் தொட்டி பற்றிய பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

முப்பிடாதிக்குத்தான் நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு பொருளாகக் கணக்குப் பார்த்தாள். கட்டிலுக்கு இவ்வளவு, அடுப்புத் திண்டுக்கு இவ்வளவு, கதவு திறக்க இவ்வளவு என்று பன்னிரண்டையும் பங்கிட்டுவிடுவாள், பதிமூன்றாவது கையில் மிஞ்சும். சுடலைக்கண்ணு வேலையிலிருந்து வந்து, கால் வைக்கிற இடம் எது, வைக்கக்கூடாத இடம் எது என்று தெரியாமல் வாசலிலேயே நிற்க ஆரம்பித்தான்.

"பீரோவ நடுவுல நகத்திப் பாப்பமா?" என்றான்.

"நேத்தே நகத்திப் பாத்தாச்சு."

"பின்ன என்னதான் செய்யச் சொல்லுத?"

"எனக்கு என்ன தெரியும்?"

செய்தி தெற்கே போனது. இப்படிப்பட்ட செய்திக்குப் பஸ் தேவையில்லை. கம்பெனியில் வேலைபார்க்கிற தென்காசிப் பையன்கள் ஊருக்குச் சொல்ல, ஊர் ஊருக்குச் சொல்ல, புரட்டாசி பிறந்த மூன்றாம் நாள் முப்பிடாதி கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"யக்கா, வீடு பெரிசாயிட்டாமே. ஓர் ஆள் எடம் கூடிட்டுன்னு பேசிக்கிடுதாக," என்றாள் பேச்சித்தாய். அதில் குத்தல் எதுவும் இல்லை. "சந்தோசம்க்கா. வடிவு நல்லா நீட்டிப் படுக்கலாம். அதச் சொல்லத்தான் அடிச்சேன்."

அதோடு லைன் போய்விட்டது. முப்பிடாதி கீரையை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து, காலியாகக் கிடந்த இடத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மா படுக்கையில் விழுந்து நாற்பது நாள் கிடந்தபோது அள்ளிப் போட்டதும் துடைத்துவிட்டதும் முப்பிடாதி. அந்த நாற்பது நாளும் அம்மா கூப்பிட்டது பேச்சி, பேச்சி என்றுதான். ஒருதடவைகூட முப்பிடாதி என்று வாய்தவறிக் கூப்பிடவில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாதி, மானம், மாமனார் பேச்சு என்று ஊருக்குச் சொல்லக் காரணங்கள் நிறைய இருந்ததால், சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை.

நாற்காலியில் இருந்த நல்லமாடனிடம் திரும்பினாள். பேச்சித்தாய் கல்யாணமான புதிதில் புருஷனோடு வந்து ஊர் வீட்டு வாசலில் நின்றபோது, உள்ளே எடமில்லை என்று சொல்லச் சொன்னவர் அவர்.

"மாமா, எந் தங்கச்சிய வரச்சொல்லப் போறேன்."

கிழவர் ரொம்ப நேரம் தன் கால் பெருவிரலைப் பார்த்தார்.

"நான் எடமில்லன்னு சொன்னது அடிக்கணக்குல," என்றார். "அடிக்கணக்குல இன்னைக்கும் எடமில்லதான். அந்தக் கொரியாக்காரம்மா கணக்குல வேணும்னா வரட்டும்."

புதன்கிழமை காலையில் பேச்சித்தாய் ஒரு துணிப்பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாக வந்து இறங்கினாள். மெலிந்துபோயிருந்தாள், முன்னந்தலையில் நரை. அடுக்ககத்து ஜனம் படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று வழிவிட்டது. உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, இருவரும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்கள்.

"அம்மா ஒம்பேரத்தான் கூப்பிட்டா," என்றாள் முப்பிடாதி, கத்தியைப் பார்த்தபடி. "நாப்பது நாளும். அள்ளிப்போட்டது நானு."

பேச்சித்தாய் உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள்.

"நான் வந்தேங்க்கா. தெருக்குழாய்கிட்ட ரெண்டு நாளு நின்னேன். நீ கொடத்தோட வந்த. என்னயப் பாத்த. வெறுங்கொடத்தோட திரும்பிப் போயிட்ட."

"பாத்தேன்," என்றாள் முப்பிடாதி.

இருவரும் உரித்த வெங்காயம் அந்த வாரத்துக்கே போதுமானதாக இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும், இங்கே படு என்று முப்பிடாதி காட்டிய இடத்தில் பேச்சித்தாய் பாயில்லாமல் மல்லாந்து படுத்து, முதலில் கைகளை நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டு, பிறகு ஒரு கையை விட்டு, பிறகு மறு கையையும் விட்டு, கால்களையும் அகற்றி, ஒரு சுவரிலும் ஒரு மரச்சாமானிலும் படாமல் பகல் முழுக்கத் தூங்கினாள். அவள் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே முப்பிடாதி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

சாயங்காலம் ஓ மேடம் வந்தார், கோதண்டபாணி வந்தார், ஹிராயாமா பாய்களோடு வந்தார், படிக்கட்டு நிறைய ஆட்கள் வந்தார்கள். கணக்கு நேராகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கோதண்டபாணி நோட்டையும் பேனாவையும் கையோடு எடுத்து வந்திருந்தார். ஓ மேடம் கயிற்றைப் போட்டார். பேச்சித்தாய் எழுந்து உட்கார்ந்த இடம் பன்னிரண்டாவது கட்டத்தில் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில், பீரோவுக்கும் நல்லமாடனின் நாற்காலிக்கும் நடுவில், ஓர் ஆள் படுக்கிற இடம் துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது.

கோதண்டபாணி பேனாவை மூடினார். ஓ மேடம் கயிற்றை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். தூக்கக் கலக்கத்தோடு எல்லாருடைய முகத்தையும் பார்த்த பேச்சித்தாய்க்கு மட்டும் அதில் குழப்பம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"இன்னும் யாருக்குக்கா நீங்கள்லாம் எடமில்லன்னு சொன்னிய?" என்று கேட்டாள்.

முப்பிடாதி யோசித்தாள். சாப்பாடு கேட்டு வந்தவர்கள், வாடகைக்குக் கேட்டவர்கள், சுடலைக்கண்ணுவோடு வேலைபார்த்த ஒடிசாக்காரப் பையன்கள், மழைவெள்ளத்தின்போது கதவைத் தட்டியவர்கள். யாரை விட்டோம், யாரை உள்ளே எடுத்தோம் என்று ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது. சுடலைக்கண்ணு தரையைப் பார்த்தான். வடிவு அம்மாவையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"கோமதி," என்றார் நல்லமாடன்.

முப்பிடாதி அந்தப் பெயரைக் கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறாள். கிணற்றடியில் ஒருத்தி, ஒம் புருசனுக்கு ஒரு அக்கா இருந்தாளே என்று தொடங்கி, சுடலைக்கண்ணு வருவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. ஒரு போட்டோ இல்லை, ஒரு திவசம் இல்லை.

"யாரு தாத்தா கோமதி?" என்றாள் வடிவு.

"எம் மக," என்றார் கிழவர். "பதினெட்டு வயசு. புருசன் வீட்ல அடி பொறுக்காம ரெண்டு தடவ வந்தா. ரெண்டு தடவயும் நாந்தான் கொண்டுபோய் விட்டேன். மூணாந்தடவ, இங்க ஒனக்கு எடமில்லன்னு கதவச் சாத்துனேன். அன்னைக்கு எங்களுக்கு எட்டு செண்டு வீடு. அத்தன எடம் கெடந்தது." அவர் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். "அதுக்கப்புறம் அவ புருசன் வீட்டுக்கும் போகல. எங்க போனான்னு நான் கேக்கல. முப்பத்தொம்பது வருசம்."

சுடலைக்கண்ணு, தனக்கு அப்போது ஏழு வயது என்று மெதுவாகச் சொன்னான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றதாகவும், அக்கா அந்தப் பக்கம் உட்கார்ந்து விடியும்வரை இருமிக்கொண்டிருந்ததாகவும் சொன்னான்.

கிழவர் ஓ மேடத்தைப் பார்த்தார். "அம்மா, இந்த எடம் எத்தன நாளு இப்பிடிக் கெடக்கும்?"

ஓ மேடத்துக்குக் கேள்வி புரிந்தது. "தாத்தா, எனக்கு அளவு மட்டும் தெரியும்," என்றார்.

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணி பஸ்ஸில் அப்பாவும் மகனும் ஏறினார்கள். ஒன்பது வருஷமாக வீட்டை விட்டு வெளியே வராத நல்லமாடனைச் சுடலைக்கண்ணு ஒரு பக்கமும் கோதண்டபாணி ஒரு பக்கமும் பிடித்துப் படியிறக்கினார்கள். பேச்சித்தாய் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கண்டக்டர் கேட்டபோது, முதலில் தென்காசி, அங்கே கோமதியோடு பீடி சுற்றிய ஒருத்தி உயிரோடு இருக்கிறாளாம், அவளைக் கேட்டால் அடுத்த ஊர் தெரியும் என்றான் சுடலைக்கண்ணு. கண்டக்டர் தென்காசிக்கு இரண்டு என்று கிழித்துக் கொடுத்தார். ஜன்னல் வழியாகக் கிழவர் தலையை வெளியே நீட்டி, வழியனுப்ப வந்து நின்ற மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏளா, அவ எம்புட்டு ஒசரம் இருப்பான்னு எனக்கு நெனவில்ல," என்றார். "அந்த எடம் அவளுக்குப் பத்துமா?"

"பத்தும் மாமா," என்றாள் முப்பிடாதி. "நீங்க போய்க் கூட்டியாங்க."